தானாகத் தீப்பற்றியது

உனக்கு அப்போது பதினொரு வயது. அறிவியல் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து கேட்டாய்: "எம்மா, ஒண்ணு எரியணும்னா எரியற பொருள் வேணும், ஆக்ஸிஜன் வேணும்னு கிளாஸ்ல எழுதிப் போட்டாங்க. காத்துல ஆக்ஸிஜன் கீது. என் கையில நோட்டு கீது. அப்புறம் ஏம்மா நோட்டு எரியல?" நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? "கீது கீதுன்னு பேசாதே, இருக்குன்னு சொல்லு" என்று அதட்டினேன். நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போன பிறகுதான் கேள்வி என் காதில் விழுந்தது. பன்னிரண்டு வருடம் வேதியியல் நடத்திய என்னிடம், அந்தப் பாடத்தின் நடு நரம்பை அவ்வளவு நேராக யாரும் தொட்டதில்லை. உன் பேச்சைத் திருத்திவிட்டேன். நீ சொன்னதைக் கேட்கவில்லை. இந்தக் கெட்ட பழக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள். இந்தக் கடிதத்தில் அது மறுபடியும் வரும்.

பிறகு உன்னை வாசலில் தண்ணீர் லாரிக்காரர் நிரப்பிவிட்டுப் போன நீல டிரம் பக்கம் அழைத்துப் போனேன். ரப்பர் குழாயின் ஒரு முனையை டிரம்முக்குள் விட்டு, மறு முனையைக் கீழே வாளியில் தொங்கவிட்டேன். "தண்ணிக்குக் கீழ வரணும்னு ஆசை. வாளி கீழதான் இருக்கு. ஏன் வரல?" என்று கேட்டேன். நீயே சொன்னாய்: "டிரம்மு விளிம்பு குறுக்க நிக்குது." குழாயை வாயில் வைத்து நீ ஒரே ஒரு முறை உறிஞ்சினாய். தண்ணீர் விளிம்பேறித் தாண்டியது. பிறகு யாரும் எதுவும் செய்யவில்லை, டிரம் பாதி காலியாகும்வரை அதுபாட்டுக்கு ஓடியது. உன் நோட்டும் அப்படித்தான் என்றேன். தாளும் காற்றும் சேர்ந்தால் எரிய வேண்டியவைதான், ஆனால் நடுவில் ஒரு விளிம்பு இருக்கிறது. அதைத் தாண்ட முதலில் கொஞ்சம் ஆற்றல் யாராவது கொடுக்க வேண்டும். தீக்குச்சி கொடுப்பது அதைத்தான். பிறகு எரிகிற தாளின் சூடே பக்கத்துத் தாளை விளிம்பு தாண்ட வைக்கும். கிளர்வு ஆற்றல் என்று அதற்குப் பெயர் சொன்னபோது நீ சிரித்தாய். அந்த விளிம்பு இல்லையென்றால் இந்த வீடும் மரமும் நம் தலைமுடியும் எப்போதோ சாம்பலாகியிருக்கும் என்றேன். நீ உன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாய்.

ஞாயிற்றுக்கிழமை சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்து போனவன், இன்று செவ்வாய்க்கிழமை வரை என் போனை எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. உன் குன்றத்தூர் வீட்டுக்கு ஒரு பிரதி வரும். இன்னொன்றை நம் வடக்குப்பட்டு வீட்டு மாடிப்படியின் பக்கத்தில் வைத்துவிடுவேன். மாடியில் இருப்பவர்கள் படிக்கட்டும். அவர்களைப் பற்றியதுதானே.

போன புதன்கிழமை சாயங்காலம் நீ வந்தாய். குக்கரில் பருப்பு வைத்திருந்தேன். தட்டச்சு செய்த இரண்டு தாள்களை நீட்டி, "எம்மா, வெள்ளிக்கிழமை கம்பெனியில என்கொயரி. தமிழ்ல குடுக்கணுமாம். தப்பு இருந்தா பாத்துக் குடு, ஆபீஸ்ல சிரிப்பானுங்க" என்றாய். இந்த வெள்ளியா அடுத்த வெள்ளியா என்றுகூட நான் கேட்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தேன். "கலவை அறையில் பணியாளர் தின்னரை ஊற்றிக்கொண்டிருந்தபோது தானாக தீ பற்றியது. பாதுகாப்பு விதிகளை பின்பற்றாததே இதற்கு காரணம்." தானாக என்பதற்குப் பின்னால் ஒரு த் போட்டேன். தீக்கும் பற்றியதுக்கும் நடுவில் ஒரு ப் போட்டுச் சேர்த்தேன். விதிகளுக்குப் பின்னால் ஒரு ப், இதற்கு ஒரு க். ஐந்தாவது விசில் அடிப்பதற்குள் முடித்துக் கொடுத்துவிட்டேன். நீ "தேங்க்ஸ்மா" என்று கிளம்பிப் போனாய்.

சகாயத்தின் கைகள் வெந்தது எனக்குத் தெரியும். நம் மாடியில் இரண்டு வருடமாகக் குடியிருக்கிற பையன், இருபத்தாறு வயது, ராதாபுரம் பக்கத்து ஊர், உன் ஷிஃப்டில், நீ சூப்பர்வைசராக இருக்கும் பெயின்ட் ஷாப்பில் ஒப்பந்தத் தொழிலாளி. அவன் அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தான். எழுத்தைத்தான் பார்த்தேன், பொருளைப் பார்க்கவில்லை என்று நான் சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, பார்க்க எனக்கு மனம் வரவில்லை. 'பணியாளர்' என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறான் என்று கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும். பருப்பு குழைந்துவிடுமே என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளை செய்வதைப் பார்க்காமல் இருக்கத் தாய்களுக்குப் பருப்பு நன்றாக உதவும்.

சனிக்கிழமை அவனைக் கொண்டுவந்து மாடியில் விட்டார்கள். ரசம் வைத்து எடுத்துக்கொண்டு மேலே போனேன். இரண்டு கையும் முழங்கை வரை கட்டு, இடது கன்னத்தில் தோல் உரிந்து மருந்து. அவன் கூட இருப்பவர்கள் ஷிஃப்டுக்குப் போயிருந்தார்கள். ஸ்பூனால் ஊட்டினேன். அவனாகத்தான் ஆரம்பித்தான்.

"டீச்சர், ஆஸ்பத்திரிக்கு ஆபீஸ்லேர்ந்து வந்தாவ. ஒரு பேப்பர வாசிச்சுக் காட்டுனாவ. வெள்ளிக்கிழம இத ஒத்துக்கிடணும்னு சொல்லுதாவ. கையெழுத்துப் போட கை இல்ல, ரேக வைக்க வெரலும் இல்ல. வாயால சரின்னு சொன்னாப் போதுமாம். சூப்பர்வைசர் சார் சாட்சிக் கையெழுத்துப் போடுவாராம்."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்ல? வாசிக்கையில நல்லா இருந்துச்சு டீச்சர். பொஸ்தகத்துல இருக்க மாதிரி, ஒரு பெழ இல்ல. கேக்கக் கேக்க எனக்கே, ஒருவேள நாந்தான் ஏதும் செஞ்சுட்டனோன்னு தோணிட்டு."

ஸ்பூன் என் கையிலேயே நின்றுவிட்டது. என் நான்கு ஒற்றெழுத்துகள் போய் அவனை அவனுக்கே குற்றவாளியாக்கியிருந்தன.

என்ன நடந்தது என்று கேட்டேன். பெயின்ட்டை நீர்க்க வைக்கும் தின்னரைப் பெரிய டிரம்மிலிருந்து வாளியில் பிடிக்கும்போது, டிரம்மையும் வாளியையும் சுவரில் இருக்கும் எர்த் பட்டையோடு ஒரு வயரால் இணைக்க வேண்டும், வயரின் நுனியில் கிளிப் இருக்கும் என்றான். அந்தக் கிளிப் வருடம் முழுவதும் ஆணியில் தொங்கும். தணிக்கைக்கு ஆள் வருகிற அன்று மட்டும் எடுத்து மாட்டுவார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஆடிட் கிளிப். கல்யாணத்துக்கு மட்டும் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிற நகை மாதிரி. இரும்பு வாளி ஓட்டையாகி மாதங்கள் ஆகின்றன. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் வாளியில் பிடிக்கிறார்கள். அதில் கிளிப்பை மாட்டினாலும் பயனில்லை.

"கேட்டேம் டீச்சர், மூணு மட்டம் கேட்டேம். 'ஏன்டா திருநெல்வேலி, நீ இன்னா ஆடிட்டரா? ஊத்துடா, லைன் நிக்குது'ன்னு சொல்லிட்டாவ."

"யார் சொன்னது?"

அவன் கூரையைப் பார்த்தான். "ரசம் நல்லா இருக்கு டீச்சர். கொஞ்சம் பெருங்காயம் தூக்கல்."

அந்தக் 'கீது' போட்ட தமிழை, அந்த 'இன்னா'வை, நான் அடையாளம் கண்டுகொள்ள மாட்டேன் என்று அவன் நினைத்திருக்கிறான். என் வீட்டில் குடியிருந்துகொண்டு, என் மகனை என்னிடமிருந்து காப்பாற்றினான், கையில்லாதவன்.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து நீ சாப்பிட வந்தபோது கேட்டேன். நான் கேட்ட விதம் சரியில்லைதான். தட்டில் கறியைப் போட்டுக்கொண்டே கேட்டேன். "அந்தக் கிளிப்பை யார் ஆணியில் மாட்டச் சொன்னது?"

"இன்னாம்மா நீ? எழுத்துப் பிழை பாருன்னு குடுத்தா கேஸ் நடத்துற."

"கேட்டதுக்குப் பதில்."

"நான்தான் சொன்னேன், போதுமா? எல்லா ஷிஃப்ட்லயும் கழட்டித்தான் வெச்சிருக்கானுங்க. வயரு குட்டை. ஒவ்வொரு டிரம்மையும் உருட்டிக்கினு போய் சுவத்தாண்ட வெக்கணும். அதுக்குள்ள லைன் நின்னா என்னைத்தான் மேல கூப்ட்டு வாங்குவான்."

"அப்ப தானாகத் தீப்பற்றியதுன்னு எப்படி எழுதின?"

"ஏன், மஞ்சள் பாஸ்பரஸ் தானா எரியும்னு நீதான சொல்லிக் குடுத்த? உன் பாடம்தாம்மா."

உன் அப்பா, "அவனைச் சாப்பிட வுடு" என்றார். நீ சாப்பிடவில்லை.

என் பாடம் என்று சொன்னாய் அல்லவா, அதை முழுதாகக் கேள். பாஸ்பரஸும் தானாக எரிவதில்லை. அதன் விளிம்பு மிகத் தாழ்வு. நம் ஊர் வெயிலின் சூடே அதைத் தாண்ட வைக்கப் போதும். அதனால்தான் தண்ணீருக்குள் வைக்கிறோம். தண்ணீரிலிருந்து எடுத்து வெளியே வைத்தவன் ஒருவன் இருப்பான். தின்னர் ஆவியும் அப்படித்தான். காற்றோடு கலந்துவிட்டால் அதற்குத் தீக்குச்சி தேவையில்லை. தலை வாரிய சீப்பு தாள் துண்டுகளை இழுப்பதை உனக்குக் காட்டியிருக்கிறேன். அதே மின்சாரம்தான், ஏசி அறையின் வறண்ட காற்றில், பிளாஸ்டிக் வாளியில் தின்னர் விழ விழச் சேர்கிறது. போவதற்கு வழி இல்லாததால் காத்திருக்கிறது. ஒரு விரல் பக்கத்தில் வந்தால் அந்த விரலுக்குத் தாவுகிறது. கண்ணுக்குத் தெரியாத பொறி, கொசு கடித்த அளவுகூட வலிக்காது. ஆனால் அந்த விளிம்பைத் தாண்ட அது போதும். இரும்பு வாளியும் அதில் கிளிப்பும் இருந்திருந்தால் அந்த மின்சாரம் வயர் வழியாக மண்ணுக்குப் போயிருக்கும். கிளிப்பின் வேலை அவ்வளவுதான். உன் லைன் நிற்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் சகாயத்தின் கைகளுக்கும் நெருப்புக்கும் நடுவில் இருந்த விளிம்பு. இரும்பு வாளி வாங்கிக் கொடுக்காதவன் அதைக் கொஞ்சம் அறுத்தான். உன்னை மேலே கூப்பிட்டுத் திட்டுகிறவன் கொஞ்சம் அறுத்தான். ஆடிட் அன்று ஆணியைப் பார்க்காமல் கிளிப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போனவன் கொஞ்சம் அறுத்தான். அவர்கள் எல்லோர் மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அவர்களில் யாரும் என் வயிற்றில் பிறக்கவில்லை. யாரும் டிரம் பக்கத்தில் நின்று குழாயை உறிஞ்சிப் பார்த்ததில்லை. தெரியாமல் அறுத்தவனை என்னால் பொறுத்துக்கொள்ள முடியும். உனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது தமிழ் வாத்தியார் திருத்த வேண்டியது, ஆனாலும் நான் திருத்தியிருக்க வேண்டியது. தானாகப் பற்றியது என்றால் அவன் எப்படிக் காரணமாவான்? அவன் காரணம் என்றால் தானாக எப்படிப் பற்றும்? பத்தாம் வகுப்புப் பிள்ளை எழுதினால்கூடப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருப்பேன். அந்த இரண்டு வாக்கியமும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஆனால் இரண்டும் சேர்ந்து ஒரு வேலையைச் சரியாகச் செய்கின்றன: உன்னை அந்த அறையிலிருந்து வெளியே எடுத்துவிடுகின்றன. வெள்ளிக்கிழமை அவன் சரி என்று சொல்லிவிட்டால், கவனக்குறைவு என்று அவன் பெயருக்கு எதிரே ஏறும். ஒப்பந்தக்காரர்கள் தங்களுக்குள் பெயரைப் பரிமாறிக்கொள்வார்கள் என்று நீதான் ஒருமுறை பெருமையாகச் சொன்னாய். கட்டு அவிழ்ந்து, விரல்கள் மடங்குமா மடங்காதா என்று தெரிந்த பிறகும், ஒரகடம் ரோட்டில் எந்தக் கம்பெனி கேட்டிலும் அவனை உள்ளே விடமாட்டார்கள். ஊருக்குப் போய் என்ன சொல்வான்? தானாகப் பற்றியது என்றா?

இப்போது என் கணக்குக்கு வருகிறேன். நீ அந்த நோட்டுக் கேள்வி கேட்ட அதே வருடம். பள்ளி விட்டதும் நேரே என் பள்ளி ஆய்வகத்துக்கு வந்து, கடைசி மேசையில் வீட்டுப்பாடம் எழுதுவாய். ஒரு நாள் பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறை. ரேவதி என்று ஒரு பெண், கறுப்பாக, உயரமாக, எதையும் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் செய்வாள். அவளுடைய ஸ்பிரிட் விளக்கில் ஸ்பிரிட் தீர்ந்துவிட்டது. "மிஸ், பக்கத்து விளக்கெல்லாம் அணைச்சுட்டு ஊத்தட்டுமா?" என்று கேட்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "மணி அடிக்கப் போகுது, அப்படியே ஊத்து" என்றேன். ஊற்றினாள். தீ பாட்டில் வாய்க்கு ஓடியது. வலது கையில் மூன்று விரல்கள் வெந்தன. அன்று சாயங்காலம் பதிவேட்டில் 'மாணவியின் கவனக்குறைவால்' என்று எழுதிக்கொண்டிருந்தேன், நல்ல கையெழுத்தில். நீ கடைசி மேசையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாய். "நீதானம்மா அப்படியே ஊத்தச் சொன்ன?" என்றாய். "வாய மூடிக்கிட்டு உன் வேலையப் பாரு" என்றேன்.

நீ வாயை மூடிக்கொண்டாய். இருபத்தைந்து வருடமாக மூடிக்கொண்டு உன் வேலையைப் பார்க்கிறாய். அந்தக் குழாய்ப் பாடம் ஒரு நாள் பாடம். இந்தப் பாடத்தை நான் உனக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கொடுத்தேன், நீ அதைத்தான் மறக்காமல் வைத்திருக்கிறாய். ரேவதி அடுத்த வாரம் வந்து, அறிவியல் வேண்டாம் மிஸ், வணிகவியலுக்கு மாறப் போகிறேன் என்றாள். கடைசி வருடத்தில் மாற முடியாது என்று தலைமையாசிரியர் மறுத்தார். அவள் படிப்பையே நிறுத்திவிட்டாள். அந்தப் பதிவேடு இன்னும் எங்கோ ஓர் அலமாரியில் பிழையில்லாத தமிழில் இருக்கும். ஆகவே உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதிக்குமேல் என்மேல் இருக்கும் கோபம்தான். அதனால் உன்மேல் உள்ளது குறைந்துவிட்டது என்று நினைக்காதே.

நேற்றுக் காலை மாடிக்குப் போனேன். "சகாயம், ஆஸ்பத்திரியில் உனக்கு வாசித்துக் காட்டினார்களே, அதைத் திருத்திக் கொடுத்தது நான்தான்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக ராத்திரி முழுக்கப் புரண்டிருந்தேன். அவன் கன்னத்துக் காயம் இழுக்க இழுக்கச் சிரித்தான்.

"அதான பாத்தேன் டீச்சர். எங்க சூப்பர்வைசருக்கு எங்க இருந்து இம்புட்டு நல்ல தமிழு வருதுன்னு."

சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினான், கட்டு நெற்றியில் இடித்தது. நான் துடைத்துவிட்டேன். அதன் பிறகு எதுவும் கடினமாக இல்லை. அவன் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், வெள்ளிக்கிழமை எதையும் சரி என்று சொல்லாதே என்றேன், நானும் கூட வருகிறேன், உள்ளே விடாவிட்டால் கேட்டிலேயே நிற்கிறேன் என்றேன். எல்லாம் அதுபாட்டுக்கு வந்தது. முதல் வாக்கியம்தான் விளிம்பு.

உன் வேலை போகலாம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. உன் மனைவி என்னைத் திட்டுவாள், திட்டட்டும். ஞாயிறு பூசையில் நெஞ்சில் தட்டிக்கொண்டு எல்லோரும் ஒன்றாகப் பாவ அறிக்கை சொல்கிறோமே, அதில் உள்ள 'நான்' என்ற சொல்லை நீ சிறு வயதிலிருந்து சொல்லி வருகிறாய். கூட்டத்தோடு சொல்வதற்கு ஆற்றல் தேவைப்படுவதில்லை. மேசைக்கு முன்னால் தனியாக நின்று சொல்வதற்குத்தான் தேவைப்படும். உனக்கு அது இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே எழுபதை நெருங்கும்போதுதான், அதுவும் ஒரு பையனின் கை வெந்த பிறகுதான், வந்தது.

அந்த அறிக்கையின் ஒரு பிரதி உன்னிடம் இருக்கும். அதை எடுத்து மேசைமேல் வை. 'தானாக' என்ற சொல்லை, நான் போட்ட 'த்' எழுத்தையும் சேர்த்து, ஒரே கோடாக அடி. அந்த இடத்தில் 'நான் கிளிப்பைக் கழற்றச் சொன்னதால்' என்று எழுதி, வாய்விட்டு ஒரு முறை படித்துப் பார்.